குட்டைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இது நடந்தது போன தை மாதம், கடற்கரையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில்.

அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் போனால், உலகத்தில் எதைத்தான் இவர்கள் ஆராயாமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஒரு கட்டிடத்தில் நட்சத்திரத்தைப் பார்க்கிறார்கள். அடுத்த கட்டிடத்தில் எறும்பு எப்படித் திரும்பி வீட்டுக்குப் போகிறது என்று பார்க்கிறார்கள். மாடியில் ஒருவர் சோழர் காலத்துச் செங்கல்லை உரசிக்கொண்டிருப்பார், கீழே ஒருத்தி மூட்டுவலிக்கு மாத்திரை செய்துகொண்டிருப்பாள். நமக்குத்தான் தலை சுற்றும். அவர்களுக்கு அது தினப்படி வேலை.

அங்கே பசுமைக் குடிலில், இரண்டு தொட்டிகளில் இரண்டு நெற்பயிர்கள் நின்றன. ஒரே கதிரில் பிறந்தவை. ஒரே மண், ஒரே வெயில், இரண்டுக்கும் ஊற்றியது ஒரே உப்புத் தண்ணீர். ஆனால் ஒன்று தளதளவென்று இடுப்பு உயரம் வளர்ந்து கதிர் விட்டிருந்தது. மற்றது சாணளவிலேயே நின்றுபோய், நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. நெட்டை, குட்டை என்றே வைத்துக்கொள்வோம். அவையும் ஒன்றையொன்று அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டன.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் பெனசீர் என்ற ஆராய்ச்சி மாணவி. கடலோரத்து ஊர்க்காரி. அவளுடைய வாப்பாவின் வயல் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. அங்கே நெல் விளைந்து வருஷக் கணக்காகிறது. உப்புத் தண்ணீரிலேயே வளரும் அலையாத்தி மரத்தின் வேரில் வாழும் நுண்ணுயிரைப் பிடித்து வளர்த்து அவள் ஒரு மருந்து செய்திருந்தாள். அதைக் குடித்த பயிர் உப்பைத் தாங்கும் என்று நம்பினாள். நம்பினால் போதுமா? காட்ட வேண்டாமா? அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டாள். மருந்து நெட்டைக்கு விழுந்தது. குட்டைக்கு ஒன்றும் இல்லை, வெறும் உப்புத் தண்ணீர்தான்.

மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காகவே இப்படி ஒரு பயிரை வைத்திருப்பார்கள். அதற்குக் ‘கன்ட்ரோல்’ என்று பேர். இதுபோல நிறைய ஜோடிகள் இருந்தன. மற்றதை எல்லாம் பிடுங்கி, அளந்து, உலர்த்தி, அரைத்தாயிற்று. உயிரோடு மிஞ்சியது இந்த ஒரு ஜோடிதான்.

அந்த வாரம் பெரிய மண்டபத்தில் கண்காட்சி. வெளியூரிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. எந்த ஆராய்ச்சி ஊருக்குள் போக வேண்டும், எது அலமாரியிலேயே தூங்க வேண்டும் என்று அவர்கள்தான் சொல்வார்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், இரண்டு தொட்டிகளையும் துடைத்து ஒரே தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். அவசரத்தில் செய்த வேலை. நெட்டைக்கு ஊற்றிய மருந்து அடித்துளை வழியாகக் கசிந்து தட்டில் தேங்கியது.

நெட்டை மெதுவாகச் சொன்னது: “ஏய் குட்டை, கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சுக்கோ. இந்தத் தண்ணி உன் வேருக்கு வந்துடும். ராவோட ராவா பச்சை பிடிச்சுடுவே. நாளைக்கு உன்னையும் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க.”

“வேண்டாம்டி.”

“எனக்குப் பார்க்கவே சகிக்கல. சீட்டு மாறி விழுந்திருந்தா உன் இடத்துல நான்தானே நின்னிருப்பேன்?”

“ஆமா, நின்னிருப்பே. நின்னுக்கிட்டு, இதேதான் சொல்லியிருப்பே. நான் ஒரு சொட்டுக் குடிச்சாலும் உன் பச்சைக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். மருந்து வேலை செய்யுதுன்னு யாரு சொல்லுவா? எல்லாம் விதையோட குணம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. என் வேலையே ஒண்ணும் வாங்கிக்காம நிக்கறதுதான். நான் நிக்கறேன். நீ கதிரைப் பாரு.”

தாகம் இல்லாமல் சொன்ன பேச்சு இல்லை அது. தட்டில் மருந்து பளபளவென்று கிடந்தது. பெனசீர் வந்து தலையில் அடித்துக்கொண்டு அதன் தொட்டியைத் தூக்கி, வேரில் மருந்து ஏறவில்லை என்று பார்த்து வேறு தட்டில் வைக்கும்வரை, குட்டை வேரைச் சுருட்டிக்கொண்டு விறைப்பாக நின்றது.

மறுநாள் காலையில் துறைத் தலைவர் சவரிராயன் வந்தார். நல்ல மனிதர், ஆனால் விருந்தாளி வருகிறார்கள் என்றால் கை கால் ஓடாது.

“ஏம்மா பெனசீர், இந்தக் கருகலை எதுக்கு எடுத்து வச்சிருக்கே?”

“சார், அது கன்ட்ரோல் சார்.”

“எனக்குத் தெரியாதாம்மா? அதான் ரிப்போர்ட்ல இருக்கே. மேசைல இதை வச்சா நம்ம துறை மானம் கப்பலேறிடும். பார்க்க லட்சணமா இருக்கறதை மட்டும் வை. மத்த துறைக்காரங்களும் அப்படித்தான் செய்யறாங்க.”

பெரியவர் சொன்னால் மறுக்க முடியுமா? பெனசீர் நெட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். குட்டையைச் சவரிராயனே கொண்டுபோய்ப் பின்வாசலில் ஓரமாக வைத்தார். அந்த ஓரம், குப்பை வண்டி வந்து நிற்கும் இடம். அது அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மண்டபத்தில் ஒரே ஆர்ப்பாட்டம்.

“என்னைக் கடல்ல ஊறப்போட்டாலும் துரு அண்டாது!” என்றது பூச்சுப் பூசிய இரும்புக் கம்பி.

“முட்டி வலின்னு என்கிட்ட வரட்டும், ஓட வச்சுக் காட்டறேன்” என்றது மாத்திரை.

“நீங்கல்லாம் தரையிலேயே கிடங்க. நான் புது நட்சத்திரத்தையே பிடிச்சு வச்சிருக்கேன்” என்றது வானத்துப் புகைப்படம்.

மலைவாழ் மக்களின் பேச்சைப் பதிந்துவைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி தொண்டையைச் செருமிக்கொண்டது. “ஒரு மொழி எப்படி மாறுதுன்னு என் வயித்துக்குள்ள இருக்கு. கேட்டா அசந்து போவீங்க.”

நெட்டை மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

குழுவின் தலைவி திலகவதி அம்மா உள்ளே வந்தார். நரைத்த தலை, தோளில் துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ. நேராகக் கம்பியிடம் போனார்.

“ரொம்ப நாள் தாங்கும் மேடம்” என்றான் அதன் மாணவன்.

“எதைவிட?”

பூச்சுப் பூசாமல் அதே கடல் தண்ணீரில் போட்ட கம்பி ஒன்று உண்டு. துருவேறிப் பல்லிளித்ததால் அவன் அதை விடுதி அறையில் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வந்திருந்தான்.

மாத்திரைக்காரி, “வலி நல்லாக் குறையுது மேடம்” என்றாள்.

“எதைவிட?”

மருந்தே கலக்காத வெற்று மாத்திரை ஆய்வகத்து அலமாரியில் இருந்தது. வெற்று மாத்திரையை யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். புகைப்படத்தின் முறை வந்தபோது, “இது புதுசுன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அதே வானத்தை நட்சத்திரம் தெரிவதற்கு முன்னால் எடுத்த படம் வெறும் இருட்டாக இருந்ததால், அதுவும் வரவில்லை. பேச்சு மாறுகிறது என்று சொன்ன ஒலிப்பதிவுக் கருவிக்காரர்களிடம், “எதுலேர்ந்து மாறுது?” என்றார். அதே பேச்சை முன்பு பதிந்த பழைய நாடா கரகரவென்று கத்தும் என்று அதை அறையிலேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

கடைசியில் நெட்டையிடம் வந்தார். கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“அழகா இருக்கும்மா. ஆனா இது உன் மருந்தாலதான்னு நான் எப்படி நம்பறது? இந்த விதையே உப்பைத் தாங்கற விதையா இருக்கலாமே?”

“அதெல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு மேடம்” என்று குறுக்கே வந்தார் சவரிராயன்.

“படிச்சுட்டேன் சார். வயல்காரங்க ரிப்போர்ட் படிக்க மாட்டாங்க. கண்ணால பார்க்கணும். எங்க அந்தக் கன்ட்ரோல்?”

நெட்டை இலையெல்லாம் படபடக்கக் கத்தியது. மனிதர்களுக்கு அது எங்கே கேட்கிறது! ஆனால் பெனசீர் கேட்ட மாதிரியே ஓடினாள். பசுமைக் குடிலில் இல்லை. பின்வாசலுக்கு ஓடினாள். குப்பை வண்டி கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. மூட்டைகளுக்கு மேலே, சாய்ந்தபடி, குட்டை.

“அண்ணே! நிறுத்துங்கண்ணே! அது என்னோடது!”

டிரைவர் எட்டிப் பார்த்தார். “இந்தக் கருகின பயிரா? இதுக்கா தாயீ இப்படி ஓடியாறே?”

“இது இல்லேன்னா நான் செஞ்சது எல்லாம் வெறும் பேச்சுண்ணே!”

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தொட்டியில் ஒட்டியிருந்த குப்பையைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்து, நெட்டையின் பக்கத்தில் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் மற்ற மாணவர்கள் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் துருக்கம்பி வந்தது, வெற்று மாத்திரை வந்தது, இருட்டுப் படம் வந்தது, கரகர நாடாவும் வந்தது. அதுவரை பீற்றிக்கொண்டிருந்தவை எல்லாம் தாமாக நகர்ந்து இடம் விட்டன. “வா, வா, இப்படி முன்னால நில்லு” என்று துருக்கம்பியை அழைத்தது பூச்சுக்கம்பி. அப்போதுதான் அந்த மண்டபம் ஒரு பல்கலைக்கழகத்தின் மண்டபம்போல இருந்தது.

திலகவதி அம்மா குட்டையின் முன்னால் குனிந்தார். கருகிய நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

“இதுக்கு என்னம்மா கொடுத்தே?”

பெனசீர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். “ஒண்ணுமே கொடுக்கல மேடம்.”

“நேத்து, முந்தாநாள், யாராவது பாவம் பார்த்து?”

“ஒரு சொட்டுக்கூட இல்ல மேடம்.”

அவர் நெட்டையைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார், மறுபடியும் நெட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இந்த நடவுக்கே வயலுக்குப் போகட்டும். முதல்ல உங்க வாப்பா வயலுக்கு. மருந்து போட்டது ஒரு பாத்தி, போடாதது ஒரு பாத்தி. பக்கத்துப் பக்கத்துல. ஊரே வந்து பார்க்கட்டும்.”

சவரிராயன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குட்டையின் தொட்டியை மேசையின் நடுவுக்கு அவரே நகர்த்தி வைத்தார்.

கூட்டம் அடுத்த மேசைக்குப் போனதும் நெட்டை சாய்ந்து கேட்டது: “வயலுக்குப் போனாலும் உன் வகைக்கு ஒண்ணும் தர மாட்டாங்களேடி. கஷ்டமா இல்லையா?”

குட்டை தன் கருகிய இலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னது:

“அதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. யாராவது பாவம் பார்த்துக் கொடுத்துடாம, நீதான்டி பார்த்துக்கணும்.”