அரைக்காசு லாபத்துக்கு அலைந்தவன்

சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. காசுக் கணக்கு வரும் கதை. ஒரு காசு முன்னே பின்னே போனாலும் கதை கெட்டுவிடும். ஆனாலும் தொடங்கிவிட்டேன், கேளுங்கள்.

காற்றை நம்பிக் கப்பல் ஓடிய காலத்தில், முத்தலைப் பட்டினத்தில் உமையாள் என்று ஒரு பனங்கருப்பட்டி வியாபாரி இருந்தாள். அவள் மகளைக் கடலுக்கு அப்பால் சங்குத் தீவில் கட்டிக்கொடுத்திருந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர முடியாமல் காற்று திரும்பிவிட்டது. எனவே தாய் கிளம்பினாள். பிரசவ மருந்து ஒரு ஜாடி, மூன்று பொற்காசு, துணைக்குக் கொழுந்தன் சாத்தப்பன். அவனிடமும் மூன்று பொற்காசு இருந்தது. தன்னை இதுவரை ஒருவனும் ஏமாற்றியதில்லை என்பது அவன் பெருமை.

தீவில் சங்குக்காசுதான் செல்லும். மகள் ஊருக்கு ஆற்றில் போகும் படகு எட்டு நாளைக்கு ஒருமுறை. கூலி தலைக்கு ஆறு சங்குக்காசு. பொன்னைப் படகுக்காரன் தொடமாட்டான். அவர்கள் தீவில் இறங்கிய மறுநாள் காலையில் அந்தப் படகு புறப்படும். அதை விட்டால் பிள்ளை பிறந்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

இறங்குதுறையில் ஒருவன் குடை நட்டுக் காசு மாற்றினான். "கூலி இல்லை" என்று பலகை வைத்திருந்தான். பொன்னுக்கு ஏழு சங்கு தந்தான். உமையாள் முடிச்சை அவிழ்த்தாள்.

"அண்ணி, கூலி வாங்காதவன் விலையில் கை வைப்பான். நடங்கள்," என்றான் சாத்தப்பன். அவள் முடிந்துகொண்டாள்.

சத்திரக்காரன் தேனாகப் பேசினான். புரியாத காசோடு ஏன் அவதிப்பட வேண்டும், உங்கள் ஊர்ப் பொன்னிலேயே கொடுங்கள், கணக்கை நானே போட்டுக்கொள்கிறேன் என்றான். அவன் போட்ட கணக்கில் இரண்டு பேர் சாப்பாடு ஒரு பொன்னாக இருந்தது. சாத்தப்பன் அவளைப் பட்டினியாகவே வெளியே அழைத்து வந்தான். இதிலும் அவன் செய்தது சரிதான்.

மூன்றாவதாகக் கடைத்தெரு. அங்கே பொன்னுக்குப் பத்துச் சங்கு. எத்தனை பொன் மாற்றினாலும் ஒரு தடவைக்கு ஒரு சங்கு கூலி. உமையாளுக்கு மூச்சு வந்தது. அதற்குள் சாத்தப்பன் யாரிடமோ விசாரித்துவிட்டான். கிழக்குக் கரையில் பத்தரை தருகிறார்களாம், கூலியும் கிடையாதாம். போக ஒரு நாள், வர ஒரு நாள்.

"படகு, தம்பி?" என்றாள்.

"படகு எட்டாம் நாள் மறுபடி வரும், அண்ணி. பத்தரை வருமா?"

"பிள்ளை எட்டு நாள் காத்திருக்குமா?"

அவன் வண்டி பிடித்துப் போய்விட்டான்.

அவள் கடை முன்னால் நின்றாள். ஒரு பொன் மட்டும் மாற்றலாம், மீதியைத் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக மாற்றலாம் என்று நினைத்தாள். மொத்தமாக வைத்திருந்தால் திருடன் பார்த்துவிடுவானே. கடைக்காரர் சிரித்தார். "எத்தனை தடவை வேண்டுமானாலும் வாருங்கள் அம்மா, ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு சங்கு," என்றார். அவள் யோசித்தாள். மூன்றையும் மாற்றினால் மிஞ்சும் சங்கு சொந்த ஊரில் பிள்ளைகள் உருட்டி விளையாடத்தான் ஆகும். இரண்டு பொன்னை ஒரே தடவையில் மாற்றிப் பத்தொன்பது சங்கு வாங்கினாள். மூன்றாவது பொன்னைக் கொண்டையில் செருகினாள். காலையில் படகில் ஏறினாள். ஐந்தாம் நாள் பேத்தி பிறந்தது. முதல் உருண்டை மருந்தைத் தாயின் கையால்தான் மகள் வாங்கி விழுங்கினாள்.

ஒரு மாதம் கழித்து உமையாள் துறைக்குத் திரும்பியபோது சாத்தப்பன் அங்கேயே இருந்தான். மூன்று பொன்னுக்கு முப்பத்தொன்றரைச் சங்கு வாங்கினானாம். கடைத்தெருவைவிட இரண்டரை அதிகம் என்று விரலை மடக்கிக் காட்டினான். வண்டிக்கு ஆறு போயிற்று. சத்திரம் பதினெட்டு தின்றது. மிஞ்சியது ஏழரை. அதை நஷ்டமில்லாமல் பொன்னாக்கத்தான் எட்டாம் நாள் படகையும் விட்டுவிட்டு இத்தனை நாளாகத் தெருத்தெருவாக விசாரித்துக்கொண்டிருந்தான். மேற்குக் கரையில் ஒருவன் நல்ல விலை தருகிறானாம்.

காற்று மறுபடி திரும்பியிருந்தது; ஊர்க் கப்பல் மறுநாள் புறப்படும்.

உமையாள் வாதாடவில்லை. கொண்டைப் பொன்னை எடுத்து, இரண்டு பேருக்கும் உரிய கூலியைக் கப்பல்காரன் கையிலேயே கொடுத்தாள். அன்றைக்கே இருவரும் கப்பலில் ஏறினார்கள். சாத்தப்பன் செருப்பைக் கழற்றிவைத்த உடனே, அவன் மேற்குக் கரைக்கு ஓடிவிடாதபடி அவள் அதைத் தன் மூட்டைக்குள் திணித்து, கப்பலின் பாய் விரியும் வரைக்கும் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஆகையால், காசு மாற்றுகிறவர்கள் போன காரியத்தின் விலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.