வேம்பி எந்தக் கரை?

ரொம்ப ரொம்ப முந்தி, நட்ட நடுவே ஆறு ஓடுகிற ஒரு நாட்டைக் கார்மேகராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். வடகரையில் ஒரு பேச்சு, தென்கரையில் வேறு பேச்சு. இவன் தண்ணீர் கேட்டால் அவனுக்குப் புரியாது. அவன் வைதால் மட்டும் இவனுக்கு நன்றாகப் புரியும். ராஜாவோ காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிற ஆள்.

அந்த நாட்டில் வேம்பி என்றொரு கதைசொல்லி இருந்தாள். பிறந்தது தென்கரை, வாழ்க்கைப்பட்டது வடகரை. தென்கரை மீனவர்களின் கதைகளை வடகரைப் பேச்சில் சொல்லுவாள். ஜனங்கள் சோறு தண்ணி மறந்து கேட்பார்கள். அவைப்புலவர் செங்கண்ணாருக்கு அது வயிற்றெரிச்சல். பின்னே, அவர் பாட வாயெடுத்தாலே ராஜா கொட்டாவி விடுவானே!

ஒருநாள் புலவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, இந்த வேம்பி எந்தக் கரை? கதையில் வருகிறவர்கள் தென்கரை, பேச்சு வடகரை. அங்கே கதையைத் திருடினாள், இங்கே பேச்சைத் திருடினாள். நான் அசல் வடகரையான். தென்கரைப் பேச்சில் ஒரு சொல்கூட என் காதில் ஏறாது!"

"அதுவும் சரிதான். ஏதாவது ஒரு கரையைச் சொல்லட்டும். மற்றக் கரையில் அவள் இனிக் கால் வைக்கக் கூடாது" என்றான் ராஜா.

வேம்பிக்குத் தென்கரையில் படுத்த படுக்கையாய் அம்மா. வடகரையில் புருஷனும் கைக்குழந்தையும். எதை விடுவாள்?

மந்திரி அம்பலவாணர் மெல்லச் செருமினார். "அவளைக் கேட்பானேன் மகாராஜா? கதை கேட்கிறவர் 'ம்' கொட்டுவது இரண்டு கரைக்கும் வழக்கம். நாளைக்கு இங்கே ஒரு கதை சொல்லட்டும். எந்தக் கரையார் 'ம்' கொட்டுகிறார்களோ, அவள் அந்தக் கரை."

"பலே! யாருமே கொட்டாவிட்டால்?"

"நாட்டை விட்டே அனுப்பிவிடுங்கள்."

புலவருக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே இரு கரைக்கும் ஆள் விட்டார்: "'ம்' கொட்டினால் அந்தத் திருடி உங்கள் தலையில்தான் விழுவாள், ஜாக்கிரதை!"

மறுநாள் சபையில் ஊசி விழ இடமில்லை. இடப்பக்கம் வடகரையார், வலப்பக்கம் தென்கரையார். எல்லாரும் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் வேம்பி மந்திரியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, என்னை ஒழிக்கத்தான் இந்த யோசனையா?"

"உன் மகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லு தாயி. அவளிடம் எந்தப் பேச்சு வருமோ, அந்தப் பேச்சில்."

"அவகிட்ட ரெண்டும் கலந்துதானே வரும்?"

"வரட்டும்."

வேம்பி தொடங்கினாள். ஊரை வெள்ளம் சூழ்கிறது. கூரைமேல் ஒருத்தி. பிள்ளையை அண்டாவுக்குள் வைக்கிறாள். வெள்ளம் அண்டாவை இழுத்துக்கொண்டு போகிறது. இதுவரைக்கும் வடகரைப் பேச்சு. சபையில் ஒரு 'ம்' இல்லை. ஆனாலும் வேம்பி நிறுத்தவில்லை. கூரையிலிருந்து குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் கரையோரமாகவே அந்தத் தாய் ஓடுகிறாள். பிள்ளை பயப்படக் கூடாதென்று ஓடிக்கொண்டே தாலாட்டுகிறாள்.

தாலாட்டு வேம்பிக்குத் தென்கரைப் பேச்சில்தான் வந்தது. அவள் அம்மா பாடியதாயிற்றே! 'அழாதே கண்ணே, ஆத்தா கூடவே வாரேன்.'

"ம்..."

சபை திடுக்கிட்டது. 'ம்' வந்தது புலவர் ஆசனத்திலிருந்து! செங்கண்ணார் கண்ணில் தாரை தாரையாய் நீர். தான் கொட்டியதே அவருக்குத் தெரியவில்லை. நல்ல தெளிவான தென்கரைப் பேச்சில் கேட்கவேறு செய்தார்: "பிறகு? பிள்ளைக்கு என்ன ஆச்சு?"

அவ்வளவுதான். வலப்பக்கம் ஒரு 'ம்'. இடப்பக்கம் ஒரு 'ம்'. அப்புறம் மலைக்கு அந்தப்புறம் இடி உருண்டு வருகிற மாதிரி சபை முழுக்க 'ம்'. தூண்கள் அதிர்ந்தன. ராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எது வடகரை 'ம்', எது தென்கரை 'ம்'? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் அவனால் பிரிக்க முடியவில்லை. இத்தனை காலம் ஆண்ட ஜனங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறவன்போல் உட்கார்ந்திருந்தான்.

கடைசியில் புலவர் பக்கம் திரும்பினான். "புலவரே, தென்கரைப் பேச்சு ஒரு சொல்கூட ஏறாதென்றீர்?"

புலவர் தலை கவிழ்ந்தார். "என் ஆத்தா தென்கரை மகாராஜா. சொன்னால் மதிக்கமாட்டார்களென்று மறைத்தேன்."

"மந்திரி, இவள் எந்தக் கரை?"

"எல்லாரும் கொட்டினார்களே மகாராஜா. தாங்களும்தான் கொட்டினீர்கள்."

"நானா?"

"மூன்று தடவை!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். முத்துமாலையைக் கழற்றி வேம்பியிடம் கொடுத்தான். "இரண்டு கரையும் இவளுக்குச் சொந்தம். புலவரே, இன்றுமுதல் உம்முடைய இடம் படகுத்துறை. எந்தக் கரையான் வந்து இறங்கினாலும் அவன் பேச்சிலேயே 'வாங்க' என்று கும்பிட வேண்டும். சரி வேம்பி, பிள்ளை என்ன ஆச்சு?"

"எதிர்க்கரைக்காரங்க எட்டிப் பிடிச்சு, படகுல கொண்டுவந்தாங்க மகாராஜா. அவங்க சொன்னது ஒண்ணும் அந்தத் தாய்க்குப் புரியல. அவ ரெண்டு கையையும் நீட்டினா. கொடுத்துட்டாங்க."

ராஜா தன்னுடைய படகையே கொண்டுவரச் சொன்னான்.

வேம்பி அதில் ஏறித் தென்கரைக்குப் போனாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். விளக்கு வைக்கும் முன்னே வடகரைக்குத் திரும்பிப் பிள்ளையை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.