கொஞ்சிவிட்டுப் போன சத்தம்

இருட்டில் யாரோ நாக்கைத் தட்டினார்கள். தொட்டில் பிள்ளையைக் கொஞ்சும்போது டொக் டொக்கென்று தட்டுவோமே, அந்தச் சத்தம்.

ரெனிட்டா கண் விழித்தாள். அறையில் அவளையும் பிள்ளை ஜோவினையும் தவிர யாருமில்லை. பிள்ளை மல்லாந்து கிடந்து, சுவரில் மாட்டியிருந்த கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தம் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

அவள் ஓடிப்போய் ரௌட்டரின் வயரைப் பிடுங்கிப் போட்டாள். சத்தம் நின்றது. விடியும்வரை பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.

காலையில் கான்வென்ட் விடுதிக்குப் போனாள். சிஸ்டர் மெட்டில்டா அங்கேதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ரெனிட்டாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இப்போது துறவற உடுப்பில். விடுதியின் இன்டர்நெட்டுக்கும் அவள்தான் பொறுப்பு. பாஸ்வேர்டைக் கறப்பதற்கென்றே பிறந்த பெண்பிள்ளைகள் ஒரு விடுதி நிறைய அவளிடம் இருந்தார்கள்.

ரெனிட்டா நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அந்த ரௌட்டர் பெட்டிய கடல்ல தூக்கிப் போட்டுரவா, சிஸ்டர்?"

"போடு. கிங்ஸ்லிட்ட என்ன சொல்லுவ?"

ரெனிட்டா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

கிங்ஸ்லி அவள் புருஷன். சரக்குக் கப்பலில் வேலை. மகனை இன்னும் கையில் தூக்கியதில்லை. அவர்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வருவதே அபூர்வம். அதனால்தான் ரௌட்டர், அதனால்தான் கேமரா. கப்பல் கரை பிடிக்கும் நாட்களில், எங்கேயோ ஒரு துறைமுகத்தில் உட்கார்ந்துகொண்டு, மகன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இன்று சாயங்காலம் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தான். இதை விட்டால் அடுத்த கரைவரை வெறும் தண்ணீர்தான்.

"அந்தச் சத்தம் பிள்ளைய என்ன செஞ்சுது?" என்று சிஸ்டர் கேட்டாள்.

"சிரிக்க வெச்சுது."

"அப்போ முதல்ல நன்றி சொல்லு."

"யாருக்கு? அந்தக் களவாணிக்கா?"

"பிள்ளை சிரிச்சதுக்கு. இதைவிட மோசமா ஒண்ணும் வராம போச்சே, அதுக்கு."

ரெனிட்டா சிலுவை போட்டுக்கொண்டாள். யாராக இருக்கும் என்று கேட்டாள்.

"ஆளைப் பிடிக்கணுமா, கதவைச் சாத்தணுமா?"

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

எதிர்வீட்டுச் செண்பகம் அக்கா சாவியோடு வாசலில் நின்றாள். சிஸ்டரைக் கண்டதும் அவளும் பின்னாலேயே உள்ளே வந்துவிட்டாள். பார்க்காமல் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

ரௌட்டர் ஷோகேஸில் இருந்தது. பூத்தையல் போட்ட துணி அதைப் போர்த்தியிருந்தது. துணிக்கு மேல் மாதா சுரூபம். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மாதாவின் பொறுப்பில் விட்டுவிடுவது ரெனிட்டாவின் வழக்கம். ஃப்ரிட்ஜும் அப்படித்தான், தையல் மெஷினும் அப்படித்தான்.

சிஸ்டர் சுரூபத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்து பக்கத்தில் வைத்தாள். துணியை உருவி மடித்தாள்.

"இது சூடாகுற சாமான்ட்டி. மாதா கால் வெந்துரும்."

பிறகு பாஸ்வேர்டு என்ன என்று கேட்டாள்.

ரெனிட்டா சொன்னாள். அவள் வைத்ததல்ல. இணைப்புக் கொடுக்க வந்தவர் என்ன போடட்டும் என்று கேட்டபோது, அந்நிய ஆணிடம் அதிகம் பேசக்கூடாது என்று கற்ற கான்வென்ட் பிள்ளை, கதவுக்குப் பின்னால் நின்றபடியே, நீங்களே ஏதாவது போட்டுருங்கண்ணே என்று சொல்லியிருந்தாள்.

சிஸ்டர் செண்பகம் அக்காவின் பக்கம் திரும்பினாள். உங்கள் வீட்டிலும் இணைப்புக் கொடுத்தது அதே ஆள்தானா, ஒரு நிமிஷம் உங்கள் இணைப்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். அக்கா தாராளமாகத் தலையாட்டினாள்.

சிஸ்டர் தன் போனில் அக்கா வீட்டு இணைப்பைத் தொட்டு, ரெனிட்டா சொன்ன அதே சொல்லைப் போட்டாள்.

திறந்துகொண்டது.

அக்கா போனையும் ரெனிட்டாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "எங்க வீட்டுது இவளுக்கு எப்படித் தெரியும்?"

சிஸ்டர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். ரெனிட்டாவும் பார்த்தாள். வீடு தவறாமல் அதே ஆள் இழுத்த வயர். ரிப்பேருக்கு வரும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கச் சோம்பல்பட்டு, தெரு முழுக்க ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேமராவோ, அட்டைப்பெட்டியில் வந்த சொல்லோடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து போகலாம்.

"அப்போ நான் ராத்திரி பூட்டுறதெல்லாம் வீண்தானா?" என்றாள் அக்கா.

"நீங்க பூட்டுறீங்களா?"

அக்காவே பெருமையாக விளக்கினாள். கிங்ஸ்லி கப்பலேறிய நாள் முதல், தினமும் ராத்திரி அவள் வந்து ரெனிட்டாவையும் பிள்ளையையும் உள்ளே வைத்து வெளியே பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை எடுத்துப் போவாள், காலையில் வந்து திறப்பாள். பூட்டைப் பார்த்தால் ஆளில்லாத வீடென்று திருடன் நினைத்துக்கொள்வான். ரெனிட்டாவின் யோசனைதான்.

"ராத்திரி பிள்ளைக்கு ஏதாவதுன்னா?" என்று சிஸ்டர் ரெனிட்டாவைக் கேட்டாள்.

"அக்காவ கூப்பிடுவேன்."

"அக்கா தூங்கிட்டாங்கன்னா?"

அக்காதான் மெல்லச் சொன்னாள்: "நான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டேன், சிஸ்டர்."

சிஸ்டர் தரையில் உட்கார்ந்து ஜோவினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ரெனிட்டா தன் போனை நீட்டி, நீயே எல்லாவற்றையும் மாற்றிக் கொடு என்று கெஞ்சினாள். அவசரத்தில் சிஸ்டர் என்பது போய், பள்ளிக்கூட நாளின் மெட்டி ஆகியிருந்தது.

"என் ரெண்டு கையிலயும் உன் பிள்ளைல்லா இருக்கான்."

வேறு வழியில்லை. ரெனிட்டா வயரைச் செருகினாள். விளக்குகள் சிவந்து, சிமிட்டி, பச்சையாகின. பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த தாளில் எல்லாமே எழுதியிருந்தது, அதுவும் இங்கிலீஷில். பள்ளிக்கூடம் முழுக்க இங்கிலீஷில் படித்தவள், பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தது இன்றுதான்.

"இன்டர்நெட் இதுக்குள்ளயா ஏட்டி இருக்கு?" என்று ரெனிட்டா கேட்டாள்.

"கடல் என்ன ஹார்பருக்குள்ளயா இருக்கு?"

தாளில் இருந்த முகவரி எண்ணைப் போனில் தட்டினாள். ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறந்தது. புதிய சொல் கேட்டது.

ஜோவின் என்று தொடங்கினாள்.

"ஞானஸ்நான விருந்துக்குத் தெருவே வந்துச்சுல்லா?" என்றாள் சிஸ்டர்.

ரெனிட்டா அழித்தாள். கிங்ஸ்லியின் கப்பல் பெயரைப் போட்டாள். அதுவும் தெருவுக்குத் தெரியும். அழித்தாள்.

"நீயே ஒண்ணு சொல்லேன், மெட்டி."

சிஸ்டர் பிள்ளையோடு எழுந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். உரக்க ஒரு தாலாட்டை இழுக்கத் தொடங்கினாள். காலால் ஜாடை காட்டியதில் செண்பகம் அக்காவும், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைபோல் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றாள்.

ரெனிட்டா காத்திருந்தாள். பாட்டு நிற்கிற வழியாக இல்லை.

சிநேகிதிகூட அறியாத ஒன்று தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். பிறகு தட்டினாள்.

ரௌட்டருக்கு ஒன்று. வைஃபைக்கு ஒன்று. கேமராவுக்கு ஒன்று. ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

இணைப்பு அறுந்தது. ஒட்டிக்கொண்டிருந்த எல்லாப் போனும் உதிர்ந்திருக்கும், அவளுடையதும்தான். மீண்டும் உள்ளே போகப் பார்த்தபோது, பெட்டி அவளிடமே நீ யார் என்று கேட்டது. சொன்னாள். விட்டது.

அதன் பிறகுதான் அழுதாள். சிஸ்டர் பாட்டை நிறுத்தவில்லை.

சாயங்காலம் கிங்ஸ்லி கூப்பிட்டான். அவள் அடுப்படிக்குள் போய், போனில் வாயை ஒட்டவைத்து, கேமராவின் சொல்லை அவனிடம் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்.

"வாய்ல பால் ஒட்டியிருக்கு பாரு, தொடைச்சு விடு" என்றான் பிறகு.

அவள் ஓடிப்போய்த் துடைத்துவிட்டாள். ஆண்டவரே நன்றி, ஆண்டவரே நன்றி என்று வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

சிஸ்டர் கிளம்பினாள். ரெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இதற்கு என்ன கைமாறு செய்வேன் என்றாள்.

"நான் என்ன செஞ்சேன், பாட்டுல்லா படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, விடுதியில் ஜெப மணி அடிப்பதற்குள் போய்ச்சேர வேகமாக நடந்தாள்.

பிறகு ரெனிட்டா எதிர்வீட்டுக்குப் போனாள். அக்காவின் ரௌட்டரிலும் அதே செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றாள். பாடத்தான் வெட்கமாக இருந்தது.

ராத்திரி வழக்கமான நேரத்துக்கு அக்கா பூட்டோடு வந்தாள்.

"பூட்டிரட்டுமா?"

"சாவிய குடுங்கக்கா."

அக்கா கொடுக்கவில்லை. "தனியா, பயமா இருக்காதா?"

"இருக்கும்க்கா."

ரெனிட்டா சாவியோடு சேர்த்து அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்காவின் விரல்கள் தளர்ந்தன.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டு, அசைத்து, மறுபடியும் அசைத்து, உள்ளேயிருந்து போட்டாள்.