எந்தக் குழாய் அவருடையது?

மடத்து இலவச மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை பழக வந்த ஏகாம்பரத்துக்கு வயது அறுபத்தெட்டு. அவருடைய குரு டாக்டர் நப்பின்னைக்கு முப்பத்தைந்து. முப்பது வருடம் சோதனைச் சாவடியில் லாரிகளைக் குடைந்த மனிதர் ஏகாம்பரம். மாம்பழக் கூடையைப் பார்த்தாலும் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்பார்.

அன்று மடத்துச் சமையற்காரர் விருத்தகிரியின் ரத்தம் அவர் கண்ணை உறுத்தியது. நிறுத்தி வைத்த குழாயில் ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. சிவப்பணுக்கள் தட்டுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அடுக்கானால்தான் அப்படி வேகமாகப் படியும். உள்ளே ஏதாவது நோய் இருந்தால் அப்படி ஆவதுண்டு.

"வயசாச்சுங்கய்யா, அவ்வளவுதான்" என்றார் விருத்தகிரி.

ஏகாம்பரம் நம்பவில்லை. அவரைச் சமையற்கட்டிலிருந்து விலக்கக் கடிதம் எழுதி நப்பின்னையிடம் நீட்டினார்.

"எதையோ மறைக்கிறாரு டாக்டரம்மா. காசநோய்தான்."

"எக்ஸ்ரே, சளி, எல்லாம் பார்த்தாச்சே. சுத்தமா இருக்கே."

"வேற யாரோட சளியையாவது கொடுத்திருப்பாரு."

"அந்த அடுப்பை விட்டா அவருக்குப் போக்கிடம் இல்லைங்கய்யா."

"அதனாலதான் மறைக்கிறாரு!"

நப்பின்னை கடிதத்தை மேசைமேல் வைத்தாள். விருத்தகிரியைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்தாள். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தாள்.

"ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் ஒண்ணு வேணும்."

ஏகாம்பரம் பெருமையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஏகாம்பரம் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டிய இரண்டு குழாய்களையும் நப்பின்னை முதுகுக்குப் பின்னால் கலைத்து, சீட்டுகள் சுவரைப் பார்க்க ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தாள். ஏகாம்பரம் இடத்தைவிட்டு அசையவில்லை. டாக்டரம்மா மேலேயே அவருக்கு ஒரு கண் இருந்தது.

"எது அவரோடது?" என்றாள்.

ஒன்றில் சிவப்பு சற்று அதிகமாகவே இறங்கியிருந்தது. ஏகாம்பரம் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான். பச்சையாத் தெரியுதே நோய்!"

நப்பின்னை குழாயைத் திருப்பினாள். சீட்டில் ஏகாம்பரத்தின் பெயரே இருந்தது.

ஏகாம்பரம் குழாயை வாங்கிச் சீட்டை உற்றுப் பார்த்தார். சீட்டை மாற்றியிருப்பாளோ? ஆனால் அதை ஒட்டியது அவரேதான். எழுத்தும் அவருடையதுதான்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா! கல்லுமாதிரி இருக்கேன். வயசாச்சு, அவ்வளவுதான்!"

நப்பின்னை கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இதையேதானே அவரும் சொன்னாரு?"