முதல் நெருப்புக்கு நாலு நாற்காலி

அந்தச் சாயப்பட்டறைக் கொதிகலனின் பாதுகாப்பு வால்வு ஒரு மாதமாக இறுகிப்போய்த் திறக்கவில்லை. ஆவி மிஞ்சினால் வெளியேற வேறு வழி கிடையாது. சுவருக்கு அப்பால் துணி மடிப்பவர்கள் பதினெட்டுப் பெண்கள். மேனேஜர் ரகுநாதனுக்கு இதெல்லாம் தெரியும். வேலையை நிறுத்தினால் ஆர்டர் தவறும் என்பதும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவர் பதிவேட்டை நீட்டினார். "வால்வு நல்லாயிருக்குன்னு கையெழுத்துப் போடு காத்தவராயா. இல்லேன்னா வாசல் அந்தப் பக்கம்."

கொதிகலனுக்கு விறகு தள்ளும் காத்தவராயன் பதிவேட்டை வாங்கி ஓரமாக வைத்தான். "நெருப்பு வச்சுட்டுப் போடறேனுங்க."

பூஜைக்குப் பின் மூட்டும் முதல் நெருப்பை மேனேஜர் குடும்பம் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பதும், ஆவி ஏறிச் சங்கு ஊதிய பிறகே எழுவதும் அங்கே வழக்கம். காத்தவராயன் வால்வுக்கு நேர் கீழே நாலு நாற்காலி போட்டான். மேனேஜரின் மனைவியும் இரண்டு மகள்களும் பட்டுடுத்தி வந்து உட்கார்ந்தார்கள். துணி மடிக்கும் பெண்கள் பின்னால் நின்றார்கள். அவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"இரு" என்றார் மேனேஜர். முகம் வெளுத்திருந்தது. "நாற்காலியை வெளியே போடு."

"போன வருசமும் அம்மா இங்கதானே உட்கார்ந்தாங்க?"

"இந்த வருசம் வேண்டாம்."

"வால்வு நல்லாத்தானுங்களே இருக்கு?"

"என்னங்க, வால்வுக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள். அவர் சின்ன மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

தீக்குச்சி அணைந்தது. பதினெட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து, வால்வு மாற்றாமல் உள்ளே வரமாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். பதினோரு வருடம் அந்த வாசலில் தொழிற்சங்கத்துக்காகத் தொண்டை கிழியப் பேசியவன் நான். அன்று என்னை யாரும் பேசக் கூப்பிடவில்லை.