கேத்தூராளின் சாட்சி

"ஐயா, எனக்கு ஒரு சாட்சி எழுதிக் கொடுங்கள்" என்றாள் கேத்தூராள்.

போதகர் யாபேஸ் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இருபத்தாறு வயது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து இரண்டு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அவளுக்கு முப்பத்தெட்டு.

"யாருடைய சாட்சி?"

"என்னுடையதுதான்."

இங்கிலாந்துக்காரர்கள் கடல் தாண்டி வந்து அமைத்த அந்தக் கடற்கரைக் குடியேற்றத்தில் ஆராதனைக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். சபையில் சேருவது வேறு. எல்லோர் முன்பும் எழுந்து நின்று, தேவகிருபை தன்னை என்று தொட்டது, எப்படித் தொட்டது என்று சாட்சி சொல்ல வேண்டும். தாய் தகப்பனில் ஒருவராவது சபையில் இல்லையென்றால் குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது.

கேத்தூராளின் கணவன் சபையில் சேராமலே மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போய்விட்டான். அதற்குப் பிறகு பிறந்தவள் இப்போது மடியில் கிடந்தாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"பதினொரு வருஷமாக ஜெபிக்கிறேன் ஐயா. ஒரு குரல் இல்லை. ஒரு சொப்பனம்கூட இல்லை. மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருத்தருக்கு இடி விழுந்த அன்று. இன்னொருத்திக்குப் பால் கறக்கும்போது. அந்த மாதிரி ஏதாவது எழுதுங்கள். வாசித்துவிடுகிறேன்."

"பொய்யாகவா?"

"பாவம் என்னோடு போகட்டும். ஞானஸ்நானம் இவளுக்குக் கிடைக்கட்டும்."

போதகர் ஒரு தாளை எடுத்தார். மையைத் தொடவே இல்லை. அப்படியே நான்காக மடித்து அவளிடம் நீட்டினார்.

அவள் பிரித்துப் பார்த்தாள்.

"இதில் ஒன்றுமே இல்லையே!"

"உங்களிடம் ஒன்றுமே இல்லை என்றுதானே சொன்னீர்கள், சகோதரி."

"இதையா வாசிப்பது?"

"ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்றார். "நானும் அங்கேதான் இருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேள்வி கேட்க எழுந்தவர் மூப்பர் எலியாக்கீம். தனக்குக் கிருபை வந்த நாளை மட்டுமல்ல, நேரத்தையும் சொல்லக்கூடியவர். அவர் முன் நிற்கப் பயந்து சபையில் சேராமலே இருந்தவர்கள் உண்டு.

"சொல்லம்மா. கிருபை உன்னை எப்போது தொட்டது?"

கேத்தூராள் குழந்தையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டாள். தாளைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். மடித்து வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒன்றும் நடக்கவில்லை ஐயா."

பெஞ்சுகளில் முணுமுணுப்பு எழுந்தது. பிரசங்க மேடையில் போதகர் அசையவில்லை.

"ஒன்றும் என்றால்?"

"பதினொரு வருஷமாக நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பதில் வரவில்லை."

"பதிலே வராத இடத்தில் எதற்கம்மா இன்னும் பேசுகிறாய்?"

அப்படி ஒரு கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது.

"பேசாமல் எப்படி ஐயா? ஒரு நாள் என் சத்தம் கேட்காவிட்டால் தேடுவாரே!"

"யார்?"

"அவர்தான்."

முணுமுணுப்பு நின்றுவிட்டது. குழந்தையின் மூச்சு கடைசி பெஞ்சு வரை கேட்டது.

மூப்பர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்தார். பிறகு மேடைப் பக்கம் திரும்பினார்.

"என்ன ஐயா, பார்த்துக்கொண்டே நிற்கிறீர்கள்? தண்ணீர் எங்கே?"