ஆந்தை கேக்குற அடையாளச் சொல்

ராத்திரியில கேக்குற அந்த அலறல் அழுகையில்ல. ஆந்தை கேள்வி கேக்குது. பதில் சொல்லத்தான் ஆளில்ல.

அந்தக் காலத்துல, பறவையும் மிருகமும் மனுஷனோட பேசிக்கிட்டிருந்தப்போ, ஆந்தைக்கு ரோமாபுரிப் படையில காவல் வேலை. இருட்டுல கண்ணு தெரியும். லஞ்சம் வாங்காது, வாங்கக் கையும் கிடையாது.

அப்போ ரோமாபுரிக்காரங்க ரைன் ஆத்தைத் தாண்டி, ஜெர்மானியக் குடிகளோட காட்டுக்குள்ள இறங்கியிருந்தாங்க. எங்க தங்கினாலும் சுத்தி அகழி வெட்டி, மரவேலி கட்டி, வாசல்ல காவல் போடுவாங்க. தினம் ஒரு அடையாளச் சொல். அதைச் சொன்னாத்தான் உள்ள வரலாம்.

வாசல்ல ஆந்தையோட நின்னவன் அதல்மார். பிறப்பால ஜெர்மானியன். அவனும் தம்பி ஹருத்தும் சம்பளத்துக்கு ரோமப் படையில சேர்ந்தவங்க. பிரிஸ்கஸ்னு அவன் பேரை மாத்தினாங்களே தவிர, யாரும் அவனை நம்பல. சொல் இல்லாம ஒருத்தனை உள்ள விட்டாலும் கல்லாலயே அடிச்சுக் கொன்னுடுவோம்னு சொல்லி வச்சிருந்தாங்க.

ஒரு நாள் காலையில தளபதி மொத்தப் படையோட சதுப்புக்காட்டுக்குள்ள கிளம்பினாரு. ஹருத்தும் போனான். அன்னிக்குச் சொல்லை ஆந்தை காதுல மட்டும் ஓதிட்டு, மத்தவங்களுக்குத் திரும்பி வரும்போது தானே சொல்லிக்கிறேன்னு போயிட்டாரு.

சாயங்காலம் மூடுபனியில படை வந்துச்சு. ஆந்தை கேட்டுச்சு. தளபதி சொன்னாரு, பின்னாடி வந்தவங்களும் ஒரே குரல்ல சொன்னாங்க. சரியான சொல்தான். உள்ள விட்டுச்சு.

ஒரு வாரமா விடாத மழை. ஆனா யார் கால்லயும் சேறில்ல. நெருப்பைச் சுத்தி வரிசையா உக்காந்தாங்க. ஒருத்தரும் இருமல. சோறு எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. பட்டாளத்துல அது நடக்காத காரியம். அதல்மார் தம்பியைத் தேடினான். காணோம். வரிசையில ரெண்டு ஆள் உக்கார்ற இடம் மட்டும் காலியா கிடந்துச்சு.

அப்போ வேலிக்கு வெளிய மூச்சிரைப்பு. ஹருத். முழங்கால் வரைக்கும் சேறு, தோள்ல ரத்தம்.

"அடையாளச் சொல்?"னுச்சு ஆந்தை.

"யாரும் சொல்லல. சொல்றதுக்குள்ள தளபதி மத்தியானமே செத்துட்டாரு. அத்தனை பேரும் செத்தாச்சு. நம்ம ஜெர்மானிய சனங்கதான் வளைச்சாங்க. என்னை வெட்ட வந்தவன் மாமன் மகன்; மூஞ்சியப் பாத்து விட்டுட்டான்."

ஆந்தை கழுத்தைத் திருப்பி உள்ள பாத்துச்சு. தளபதி நெருப்புகிட்ட இருந்தாரு. வெளிய பாத்துச்சு. ஹருத் குளிர்ல நடுங்கினான். மறுபடி உள்ள பாத்துச்சு.

"செத்தவரு உள்ள இருக்காரே. சொல் இல்லாம விட முடியாது."

படை உள்ள வரும்போது காதுல விழுந்த அந்தச் சொல் அதல்மார் நாக்கு நுனியில இருந்துச்சு. தம்பி காதுல போட்டா முடிஞ்சுது. வாயைத் திறந்தான். உள்ள இருந்த அத்தனை பேரும் ஒண்ணா தலை நிமிர்ந்து அவனைப் பாத்தாங்க. தளபதி, காலியா கிடந்த இடத்தை மெதுவா தட்டிக் காட்டினாரு.

செத்தப்புறம்தான் அவங்களுக்கு அந்தச் சொல் கிடைச்சிருக்கு, அதைச் சொல்றவனுக்கும் அந்த வரிசையிலதான் இடம்னு அப்பதான் அவனுக்குப் புரிஞ்சுது. வாயை மூடிக்கிட்டான்.

"வெளிய போறதுக்குச் சொல் வேணுமா?"ன்னு ஆந்தையைக் கேட்டான்.

அது கொஞ்சம் யோசிச்சுச்சு. "அதுக்கு உத்தரவு எதுவும் இல்ல."

வெளியேருந்து தம்பி, அம்மா வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். "வாண்ணே, வீட்டுக்குப் போலாம்." அதல்மார் தலைக்கவசத்தைக் கழட்டி வாசல்ல வச்சுட்டுப் போயிட்டான்.

ஆந்தைகிட்ட 'வேலை முடிஞ்சுது, போ'ன்னு சொல்லத்தான் யாருமில்ல. அன்னியிலேருந்துதான் பொழுது சாஞ்சா வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லைக் கேக்குது. கேட்டுட்டு, கழுத்தை முழுசா திருப்பிப் பின்னாடி பாத்துக்குது. அங்க ரெண்டு இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு.